கரைக்கு வரும் நேரத்து முகம்

முகத்துக்குப் பூச ஒரு கிறீம் வேண்டும் என்று வந்தவள் விலையைக் கேட்கவில்லை, பெயரையும் கேட்கவில்லை. தண்ணீர்க் குழாய் எங்கே இருக்கிறது என்று கேட்டாள்.

கற்பிட்டியில் நான் வேலை செய்கிற பாமசியின் பின்பக்கம் கை கழுவ ஒரு பேசின் உண்டு. காட்டினேன். நான் திறந்து கொடுத்த கிறீமில் ஒரு பொட்டு எடுத்துப் புறங்கையில் தேய்த்தாள். ஒரு சலவாத்து ஓதி முடிக்கிற நேரம் பொறுத்தாள். பிறகு குழாயைத் திறந்து கையை நீட்டினாள். தண்ணீர் தோலில் படியாமல் முத்து முத்தாக உருண்டு ஓடியது. வேண்டாம் என்று அடுத்ததைக் கேட்டாள். முன்னால் மருந்துச் சீட்டோடு சனம் நிற்கிறது, இவள் பின்னால் நின்று குழாயைத் திறந்து மூடிக்கொண்டிருக்கிறாள். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். "ராத்தா, நாங்க இங்க மழைக்கோட்டு விக்கிறல்ல" என்றேன்.

அவள் கோபிக்கவில்லை. தொழுகைக்கு முன்னால் ஒரு நாளைக்கு ஐந்து தடவை ஒழு எடுக்கிறோம், முகம் கழுவுகிறோம். கிறீம் பொலித்தீன் மாதிரி மேலே படுத்துக் கிடந்தால் தண்ணீர் தோலைத் தொடாது, ஒழுவும் சேராது. தொழுகைக்குத் தொழுகை அதைச் சவர்க்காரம் போட்டு உரித்தால் மத்தியான லுஹருக்குள் முகம் கருவாடாகிவிடும். இவ்வளவையும் நிதானமாகச் சொல்லிவிட்டு, "தண்ணியும் உள்ள போகணும், வெயிலுக்கும் விட்டுக் குடுக்கப்படாது, மணமும் வேணாம். அப்பிடி ஒண்டு தா தங்கச்சி" என்றாள்.

அவள் ஆலங்குடாவில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்து வளவுக்காரி. புருசன், வயசான மாமி, அவள், மூன்று பேர்தான் அந்த வீட்டில். ஐம்பதை எட்டிப் பார்க்கிற வயது. நான் வேலை முடிந்து வரும்போது ஒரு டியூப் கொண்டுவந்து வேலிக்கு மேலால் நீட்டினால் முடிந்திருக்கும். ஆனால் அவள் பஸ் ஏறி வந்து தன் கையில் பூசிப் பார்த்துத்தான் வாங்குவாள். அன்றைக்குக் கடைசியில் ஒரு மெல்லிய கிறீமைத் தெரிந்தெடுத்தாள். நானும் என் பங்குக்கு ஒன்று சொல்லி அனுப்பினேன். நாற்பது தாண்டி, மாதத் தீட்டும் நிற்கிற காலத்தில் தோல் தன் ஈரத்தைத் தானே பிடித்து வைத்துக்கொள்ளாது. அதனால் முகத்தைத் துடைத்துக் காய்ந்த பிறகு பூசுவதில் பிரயோசனமில்லை, ஒழு எடுத்த ஈரம் இருக்கும்போதே பூசுங்கள், அந்த ஈரத்தைத்தான் கிறீம் உள்ளே வைத்துப் பூட்டும் என்றேன். நம்பினாள் என்றா நினைக்கிறீர்கள்? இரண்டு வாரம் கழித்து வேலியடியில் கூப்பிட்டு, நான் சொன்னது சரிதான், தன் தோல் சொல்லிவிட்டது என்றாள். பாமசியில் எனக்குக் கிடைத்த பெரிய சான்றிதழ் அது.

அதுதான் அவள். எதையும் ஆர் சொன்னாலும் கேட்கமாட்டாள், தன் தோல் சொல்லவேண்டும். மீன் காய்ந்துவிட்டதா என்று கண்ணால் பார்க்கமாட்டாள், கன்னத்தில் வைத்துப் பார்ப்பாள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று நாங்கள் கருவியும் கையுமாக நின்றால், கருவியை ஒதுக்கிவிட்டு உள்ளங்கையை நெற்றியில் வைப்பாள். கலியாணம் பேச வந்த அன்றைக்கு, சர்பத் கோப்பையை நீட்டுகிற சாட்டில் மாப்பிள்ளையின் விரலைத் தொட்டுப் பார்த்தாளாம். அந்தக் காலத்தில், அதுவும் எங்கள் ஆட்களுக்குள், அது எவ்வளவு பெரிய துணிச்சல்! "கயிறு இழுத்த கை. அது போதும் எண்டு உள்ள போய்த் தலைய ஆட்டிட்டன்" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். ஊர் வாய் பொய் சொல்லும், தோல் பொய் சொல்லாது என்பது அவளுடைய வேதவாக்கு.

முந்தலில் இருந்த அவளுடைய மதினி, அதாவது புருசனின் மூத்த சகோதரி, கட்டாரில் வேலை செய்து திரும்பியபோது ஒரு வெள்ளைக் கிறீம் டப்பா கொண்டுவந்து கொடுத்தாள். பூசினால் ஒரு கிழமையில் மங்கு போய் முகம் பளிச்சென்று வெளுக்குமாம். இவளுக்கு இரண்டு கன்னத்து எலும்பிலும் கருவாடு போட்ட வெயிலில் வந்த மங்கு உண்டு. அவள் அதைக் கொண்டுபோய்த் தன் கணுக்காலில் பூசினாள். இரண்டாம் நாள் கணுக்கால் சிவந்து எரிந்தது. மதினி அடுத்த தடவை வந்தபோது, அடிப்பிடித்த அலுமினியச் சட்டியை அதே கிறீமால் விளக்கி முன்னால் வைத்தாள். "சட்டி நல்லா வெளுத்திரிக்கி மதினி" என்றாள். மதினி ஒரு மாதம் அந்த வீட்டுப் படி மிதிக்கவில்லை.

ஒருமுறை பாமசிக்கு இரவில் பூசுகிற கிறீம் புதிதாக வந்தது. நடுவயதுக்காரிகளுக்கு அதுதான் நல்லது, தூங்கும்போதுதான் தோல் தன்னைச் சரிப்படுத்திக்கொள்ளும் என்று நான் படித்ததை எல்லாம் அவளுக்கு ஒப்புவித்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே போடாகப் போட்டாள்.

"இரவைக்குப் பூசி ஆருக்குக் காட்டுற? என்ட புருசன் பகல்லதான் வீட்ட இரிக்கிற."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவர் பின்னேரம் வள்ளத்தைத் தள்ளிக்கொண்டு போனால் விடியத்தான் கரைக்கு வருவார். கலியாணம் முடித்த நாளிலிருந்து அவர்கள் இரண்டு பேரும் முகம் பார்த்தது எல்லாம் பகல் வெளிச்சத்தில்தான். அதனால்தான் விடியச் சுபஹ் தொழுது எழும்பியதும், ஈர முகத்தோடு பின்வாசல்படியில் குந்தி, முருங்கையில் தொங்கிய கைக்கண்ணாடியைப் பார்த்துப் பூசுவாள். நெற்றி, கன்னம், மூக்கின் இரண்டு பக்கமும், காதுமடல், பிறகு கழுத்து. கழுத்தை மறந்தால் வயசு அதில் ஏறி நின்றுகொண்டு ஊரைக் கூப்பிடும் என்பாள். பூசி முடிக்கவும் வள்ளங்களின் இஞ்சின் சத்தம் கேட்கவும் சரியாக இருக்கும்.

அவர் புருவமெல்லாம் உப்புப் பூத்து வருவார். வலையை இறக்கிவிட்டு அவளைப் பார்த்து, "புதுப்பொண்ணு எழும்பிட்டா" என்பார். பேரப்பிள்ளை எடுக்கிற வயதில்! நான் வேலியின் இந்தப் பக்கம் நின்று வயிறெரிந்ததுண்டு. என் மனுசன் புத்தளம் பஸ் ஓட்டுகிறவர், விடியப் போய் இருட்டினால் வருகிறவர். நீங்களும் இருக்கிறீர்களே என்று நான் இடித்துக் காட்டினால், பஸ்காரனுக்கு ரோட்டைப் பார்க்கவே நேரமில்லை, முகத்தை எங்கே பார்க்க என்பார்.

கச்சான் காற்று எழும்பி, வெளிநாட்டுக்காரர்கள் பட்டத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு பலகையில் களப்புத் தண்ணீர்மேல் பறக்கிற காலத்தில்தான் அது நடந்தது. அன்று காற்று பலம், சில பேர் போகவில்லை. அவர் போனார். முந்தல் பக்கத்துக் கூட்டாளி ஒருவரும் கூடப் போனார், அவர் சிங்களம் பேசுகிற வேதக்காரர், கிறிஸ்தவர். விடிந்து வள்ளங்கள் எல்லாம் வந்தன, அவருடையது வரவில்லை. அவள் கிறீம் பூசிய முகத்தோடு வெயில் ஏறும்வரை கரையில் நின்றாள். பிறகு போய்க் கருவாடு காயப்போட்டாள். அவர் பசியோடு வருவார் என்று ஆணம் காய்ச்சினாள்.

தேடினார்கள். ஊர் வள்ளங்களும் போயின, கடற்படைப் படகும் போனது. முதல் கிழமை எல்லோருக்கும் நம்பிக்கை இருந்தது. இஞ்சின் பழுதாகி மாலைதீவுப் பக்கம் ஒதுங்கி, ஒரு மாதம் கழித்துத் தாடியோடு வந்து இறங்கிய ஆட்களை எங்களுக்கே தெரியும். அந்தக் கதைகளை மாறி மாறிச் சொன்னோம். பிறகு கவிழ்ந்த வள்ளம் கிடைத்தது. அதற்குப் பிறகு வடக்கே ஒரு கரையில் கூட்டாளியின் உடலும் ஒதுங்கியது. இவருடையது ஒதுங்கவில்லை.

கூட்டாளியின் வீட்டுக்கு நானும் அவளோடு போனேன். அந்த மனுசி வெள்ளைச் சாரி உடுத்து, கண் வீங்கி, குரல் போய் இருந்தாள். இவளைக் கட்டிப்பிடித்து அழுதவள், முகத்தை நிமிர்த்திப் பார்த்துவிட்டுச் சட்டென்று கையை எடுத்துக்கொண்டாள். இவளுடைய முகத்தில் ஒன்றுமே இல்லை என்று சிங்களத்தில் பக்கத்திலிருந்தவளிடம் சொன்னது எனக்குக் கேட்டது. அன்றைக்கும் அவள் பூசித்தான் வந்திருந்தாள்.

எங்கள் வழக்கம் ஒன்று உண்டு. புருசன் இறந்து மௌத்தானால் பெண் இத்தா இருக்கவேண்டும். நாலு மாசமும் பத்து நாளும் வீட்டோடு அடங்கி, சுர்மா, அத்தர், நகை, முகப்பூச்சு ஒன்றும் இல்லாமல் இருக்கிற காலம். அவள் இருக்கமாட்டேன் என்றாள். சண்டை பிடிக்கவில்லை, வாதாடவில்லை. ஒவ்வொரு விடியலும் வாசல்படியில் குந்தி முகத்துக்குப் பூசினாள், அவ்வளவுதான். ஊருக்கு அது போதும். வேலியால் போகிறவர்கள் எல்லாம் கண்டார்கள். அவள் ஒரு வார்த்தை பேசாமல், அவர் மௌத்தாகவில்லை என்று தினமும் ஊருக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பள்ளிவாசலில் தொழுவிக்கிற ஹஸ்ரத் நல்ல மனுசர். மையத்து, அதாவது உடல், கிடைக்காமல் அவசரப்படக்கூடாது என்று முதலில் சொன்னார். வள்ளமும் கூட்டாளியும் கிடைத்த பிறகு, இனி மௌத்து என்றே எடுக்கலாம், வீட்டார் சொன்னால் உடல் இல்லாமலே தூரத்திலிருந்து காயிப் ஜனாஸா தொழுவிக்கிறேன் என்றார். முடிவு சொல்கிற வீட்டார் என்றால் அவள்தான். மதினி முந்தலிலிருந்து வந்து வாசலில் நின்று அழுதாள். அந்தத் தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அவள்.

"என்ட தம்பிக்கு ஒரு தொழுகை இல்ல, ஒரு துஆ இல்ல. உனக்கு முகம்தான் பெரிசா?" என்று கேட்டாள்.

அவள் நிலத்தைப் பார்த்துக்கொண்டு பதில் சொன்னாள். "எல்லாரும் சொல்லுறீங்க. என்ட தோல் இன்னும் சொல்லல்லயே மதினி."

கிறீமுக்கும் மீனுக்கும் சொன்ன அதே பேச்சு. சர்பத் கோப்பைக்குக் கீழே விரலைத் தொட்டுப் பார்த்தவள், இப்போது தொட்டுப் பார்க்க ஒன்றும் இல்லாமல் நிற்கிறாள். ஒரு மையத்தைக் கொண்டுவந்து முன்னால் வைத்திருந்தால், நெற்றியில் கையை வைத்துப் பார்த்து ஓம், சரி என்று சொல்லியிருப்பாள். கடல் அதைக் கொடுக்கவில்லை.

மெல்ல மெல்லப் பெண்கள் அவளுக்குப் பக்கத்தில் இருக்கப் பயந்தார்கள். கலியாண வீடுகளில் அவள் வந்து பாயில் குந்தினால் இரண்டு பக்கமும் இடம் விழும். கடலுக்குப் போகிற புருசன் உள்ளவர்கள் முதலில் நகர்வார்கள். பொய் சொல்வானேன், எனக்கும் பயம்தான். துக்கம் என்றால் முகத்தில் ஏறவேண்டும், அதுதானே உலக வழக்கம். அவள் முகத்தில் ஏறவில்லை. நெய் தடவிய பாத்திரத்தில் மாவு ஒட்டாததுபோல வழுக்கிக்கொண்டு போய்விட்டது. கிறீமையும் ஒழுங்காகப் பூசி, தொப்பியும் போட்டு வெயிலில் நின்றதில், தன் வயதுக்காரிகள் எல்லாரையும்விட அவள் முகம் நன்றாக இருந்தது. ஆனால் கழுத்துக்குப் பூசுவதை விட்டுவிட்டாள். கைக்கும் இல்லை, காதுமடலுக்கும் இல்லை. அவளுடைய கழுத்தும் கையும் சுருங்கி வெடித்து முதுமைக்குப் போக, முகம் மட்டும் அவர் பார்த்துவிட்டுப் போன அன்றைக்கே நின்றது. தோல் பார்த்துப் பழகிய கண் எனக்கு. அவள் பாமசிக்கு வந்தால் அந்தத் தாடைக்கோட்டுக்குக் கீழே பார்க்காமல் இருக்கப் பாடுபடுவேன்.

நான் ஒருநாள் கேட்டேவிட்டேன். வேலிக்கு இந்தப் பக்கம் நின்று, ராத்தா, உண்மையைச் சொல்லுங்கள், நீங்கள் அவர் வருவார் என்றா நம்புகிறீர்கள் என்று. அவள் உள்ளே பார்த்தாள். உள்ளே அவளுடைய மாமி இருந்தார், புருசனின் உம்மா. சீனி வருத்தம் என்கிற நீரிழிவில் கண் போனவர். விரலை உதட்டில் வைத்துக் கூப்பிட்டாள். வேலியைச் சுற்றிப் போய்ப் பார்த்தேன்.

மாமி கட்டிலில் இருந்தபடி கையை நீட்டினார். அவள் போய்க் குனிந்து முகத்தைக் கொடுத்தாள். மாமியின் விரல் கன்னத்தில் மெதுவாகப் போனது, வந்தது. கிறீம் ஈரம் கையில் ஒட்டியதும் மாமி நிம்மதியாக மூச்சு விட்டார். "பூசிட்டியா மவள். அப்ப வாற நேரம்தான்" என்றார். பிறகு தேத்தண்ணி கேட்டார். அவருக்கு வள்ளம் கிடைத்ததையும் சொல்லவில்லை, கூட்டாளி கிடைத்ததையும் சொல்லவில்லை. மகன் மாலைதீவில் பிடிபட்டு மறியல் சிறையில் இருக்கிறான், விடுவார்கள் என்று சொல்லி வைத்திருந்தார்கள். மதினியும் தாய்க்கு முன்னால் அதைத்தான் சொல்வாள், வாசலுக்கு வந்துதான் அழுவாள். மாமிக்குக் கண் இல்லை, ஆட்களின் பேச்சிலும் நம்பிக்கை இல்லை. மருமகளின் கன்னம் ஒன்றுதான் சாட்சி. அது வழுவழுப்பாக இருக்கிறவரை மகன் உயிரோடு இருந்தான்.

"இப்ப விளங்கிச்சா?" என்று வெளியே வந்து கேட்டாள். "நான் ஒருநாள் பூசாம விட்டா, அவட மூச்சு அண்டைக்கே நிண்டிடும். அவ இரிக்கிறவரைக்கும்தான். பிறகு நான் முறைப்படி இத்தா இருப்பன்."

வீட்டுக்கு வந்து என் மனுசனிடம் சொல்லி அழுதேன். ஊரில் வாய் திறந்தவளை எல்லாம் அதற்குப் பிறகு நான் விடவில்லை. காரணத்தைச் சொல்லமுடியாது, சொன்னால் மாமியின் காதுக்குப் போய்விடும். அதனால் வெறும் வாயாலேயே சண்டை பிடித்தேன். மதினிக்கு மட்டும் ஜாடையாக விளங்கியது. அவள் வாசலில் அழுவதை நிறுத்திக்கொண்டாள், ஆனால் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அடுத்த நோன்புக்கு முன்னால் மாமி மௌத்தானார். அமைதியான மௌத்து. அன்று காலையிலும் கன்னத்தைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் கண்ணை மூடினார். அடக்கம் முடிந்து பெண்கள் எல்லாம் இருக்கும்போது மதினி அவள் பக்கத்தில் போய் மெல்லிய குரலில், இனியாவது என்று ஆரம்பித்தாள். அவள் சரி என்று தலையை ஆட்டினாள். எங்களுக்கெல்லாம் நிம்மதி. இத்தாவுக்கு உடுக்க வெள்ளைச் சீத்தைத் துணி நானே வாங்கி வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மறுநாள் விடியக் கஞ்சியோடு போனேன். அவள் வழக்கமான படியில் இருந்தாள். முகம் ஈரமாக இருந்து காய்ந்து, வாயோரம் வெள்ளையாகப் பூத்திருந்தது. கையில் மூடி திறந்த டியூப். பூசவுமில்லை, கீழே வைக்கவுமில்லை. எவ்வளவு நேரமாக அப்படி இருந்தாளோ. கடலில் இஞ்சின் சத்தங்கள் நெருங்கிக்கொண்டிருந்தன. என்னைக் கண்டதும் அவள் பேசிய பேச்சை நான் மறக்கவில்லை, மறக்கவும் ஏலாது.

"இவ்வளவு நாளும் மாமிக்கு எண்டுதான் பூசினன் தங்கச்சி. சத்தியமா அப்பிடித்தான் நெனச்சன். இண்டைக்கு மாமி இல்ல. விடுவம் எண்டு இருந்தன். கை ஏலாம இரிக்கி. நான் பூசாட்டி, நானே அவர மௌத்தாக்கின மாதிரி ஆகிடும்."

நான் படித்தவள், பத்து மருந்தின் பெயர் தெரிந்தவள், என் வாய் நீளத்துக்கு ஊரில் பெயர் வேறு. அன்றைக்குக் கைதான் உதவியது. உள்ளே போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து அவள் முகத்தை நனைத்தேன். ஈரத்தில் பூசினால்தானே பிடிக்கும். டியூபைப் பிதுக்கி அவள் விரலில் வைத்தேன். அவள் பூசினாள். அழுதுகொண்டே பூசினாள், கண்ணீர் பட்ட இடத்தில் மறுபடியும் பூசவேண்டி வந்தது. வாங்கி வைத்த சீத்தைத் துணி எங்கள் அலுமாரியிலேயே கிடந்தது.

அதற்குப் பிறகு ஊர் அவளை விட்டுவிட்டது. பழகிப்போனால் எதுவும் பெரிசில்லை என்பார்கள், அது சரிதான். வெளிநாட்டுக்காரர்கள் தங்கக் கபானா கட்டினார்கள், ரோட்டுக்குத் தார் போட்டார்கள், அவளும் விடியலுக்கு விடியல் பூசிக்கொண்டிருந்தாள். எவ்வளவு வருசம்! பாமசிக்கு வந்து புறங்கையைக் குழாய்க்குக் கீழே நீட்டுவாள். தோல் வரவர மெலிகிறது, கொஞ்சம் கனமானது தா என்பாள். நடுவயது போய், அதற்கு அடுத்த வயதும் வந்து, அந்த முகமும் கடைசியில் களைக்கத்தான் செய்தது. ஒரு நாள் கண்ணாடியைப் பார்த்துவிட்டு, "இவருக்கு என்னய அடையாளம் தெரியுமோ தெரியா" என்றாள். பயம்தான் அது, வேறொன்றுமில்லை. அவர் வராமல் விடுவார் என்ற பயம் இல்லை, வந்து தெரியாமல் போய்விடுவார் என்ற பயம்.

அவள் விழுந்தது ஒரு காலையில், கருவாட்டுப் பந்தலடியில். கையில் மீன் இருந்தது. நாங்கள் தூக்கும்போதே எல்லாம் முடிந்துவிட்டது.

குளிப்பாட்ட நானும் நின்றேன். செம்புத் தண்ணீரை முகத்தில் ஊற்றியதும் அன்று காலையில் பூசியது வெள்ளையாக எழும்பி வழிந்தது. குளிப்பாட்டுகிற பெண் திகைத்துப்போய்ச் சவர்க்காரத்தை எடுத்தாள். மதினி அதைத் தடுத்தாள். தான் கழுவுகிறேன் என்று முன்னால் வந்து, வெறும் கையால், நெற்றியிலிருந்து தாடை வரைக்கும் மெதுவாக, குழந்தைக்குத் துடைப்பதுபோல் துடைத்தாள். நெற்றியில் ஒருமுறை கையை அப்படியே வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, ஹஸ்ரத்துக்குச் சொல்லி அனுப்பச் சொன்னாள்.

"இவக்குத் தொழுதிட்டு, அப்பிடியே தம்பிக்கும் தொழச் சொல்லு. இனித் தடுக்க ஆரும் இல்ல."

அன்று பின்னேரம் பள்ளியில் இரண்டு ஜனாஸாத் தொழுகை. ஒன்று முன்னால் சந்தூக்குப் பெட்டியில் கிடந்தவளுக்கு, மற்றது எங்கே கிடக்கிறார் என்று ஆருக்கும் தெரியாதவருக்கு. ஒரே நாளில் இரண்டு பேரும் மௌத்தானார்கள் என்றுதான் நான் மனதில் வைத்திருக்கிறேன்.

இப்போது எனக்கும் அவள் அன்றிருந்த வயது. நானும் பூசுகிறேன். எல்லாப் பெண்களும் பூசுவதுதானே, தோல் காய்கிறது, பூசுகிறேன். டியூபின் பின்னால் சிறிய எழுத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்கு மனப்பாடம். தண்ணீர், கிளிசரின், கொஞ்சம் எண்ணெய், வெயிலைத் தடுக்க ஒன்று. அதற்குமேல் அதில் ஒரு மண்ணும் இல்லை. கேட்கிறவர்களுக்கு நானே சொல்வேன்.

போன மாதம் எனக்கு ஒரு லீவு நாள். வெளியே போகிற வேலை இல்லை என்று பூசாமல் விட்டுவிட்டேன். லுஹருக்குப் பிறகு மற்றப் பக்கத்து வீட்டுக்காரி வந்து, புத்தளம் ரோட்டில் பாலாவிப் பக்கம் ஒரு பஸ் புரண்டு கிடக்கிறதாம் என்றாள். எந்த பஸ் என்று அவளுக்குத் தெரியாது. என் மனுசனுக்குப் போன் எடுத்தேன், அடித்தது, எடுக்கவில்லை. மறுபடியும் எடுத்தேன். மறுபடியும். துஆ ஓதினேன். ஓதிக்கொண்டிருக்கும்போதே கால் தன்பாட்டில் அறைக்குள் போனது. முகத்தைக் கழுவியது கூட ஞாபகமில்லை. அலுமாரிக் கண்ணாடிக்கு முன்னால் நின்று, பிதுக்கிப் பிதுக்கிப் பூசினேன். நெற்றி, கன்னம், மூக்கின் இரண்டு பக்கமும். இவ்வளவு நேரம் பூசாமல் இருந்துவிட்டேனே, இவ்வளவு நேரம் பூசாமல் இருந்துவிட்டேனே என்று வாய் அது மட்டும்தான் சொல்லிக்கொண்டிருந்தது.

பின்னேரம் அசர் தொழுகைக்குக் கொஞ்சம் முன்னால் அவர் வந்தார். புரண்டது வேறு பஸ். ஆட்களை ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதில் போனைக் கவனிக்கவில்லையாம். சேட்டில் ஆரோ ஒருவருடைய இரத்தம் காய்ந்திருந்தது. செருப்பைக் கழற்றிக்கொண்டே நிமிர்ந்து என்னைப் பார்த்தவர், "என்ன, மா இடிச்சியா? முகமெல்லாம் வெள்ளையா இரிக்கி" என்றார்.

இல்லை என்றேன். சோறு போட்டுக் கொடுத்தேன். அவர் சாப்பிட்டு முடியும்வரைக்கும் முன்னால் கதிரையைப் போட்டு, முகத்தைத் துடைக்காமல் உட்கார்ந்திருந்தேன்.